ஸ்காண்டினேவியப் பழைய நோட்டுகள்: வெளுத்து அழுத்திய தாளை வாங்கலாமா?

தாள்நேசன் (கோயம்புத்தூர்):

அனைவருக்கும் வணக்கம். ஸ்வீடன், நார்வே, டென்மார்க் ஆகிய மூன்று நாடுகளின் பழைய நோட்டுகளை நான்கு ஆண்டுகளாகச் சேர்த்து வருகிறேன். பிரிட்டிஷ் இந்திய நோட்டுகளைப் பற்றி நம்மிடையே நடக்கும் பேச்சில் பத்தில் ஒரு பங்குகூட இவற்றைப் பற்றி நடப்பதில்லை என்பதால், எனக்கு அண்மையில் நேர்ந்ததைச் சொல்லி இந்த இழையைத் தொடங்குகிறேன்.

சென்ற மாதம் ஓர் இணைய ஏலத்தில், 1830-ஆம் ஆண்டிட்ட ஸ்வீடன் நாட்டு 12 ஸ்கில்லிங் பாங்கோ நோட்டு ஒன்றை எடுத்தேன் (ஸ்கில்லிங் என்பது அக்காலச் சில்லறைப் பணம், பாங்கோ என்றால் வங்கிக் கணக்கு). படத்தில் தாள் வெள்ளைவெளேரென்று, மடிப்பே இல்லாமல் தெரிந்தது. ஏறத்தாழப் புழங்காத நிலை என்று விற்பவர் குறித்திருந்தார். நோட்டு கைக்கு வந்ததும் அறை விளக்கை அணைத்துவிட்டு, சிறு கைவிளக்கைத் தாளின் விளிம்புக்குச் சமமாகப் படுக்கவைத்து ஒளி பாய்ச்சிப் பார்த்தேன். நான்காக மடித்த பழைய கோடுகள் அப்போது மெல்லிய கீறல்களாக வெளிப்பட்டன. தாளில் மேடாக எழுந்து நிற்க வேண்டிய புடைப்பு முத்திரை, வெறும் நிழல் வட்டமாகத் தட்டையாகிக் கிடந்தது. விரல் நுனியால் தடவினால் எதுவும் தட்டுப்படவில்லை. கையொப்பத்தின் மை வெளிறி, எழுத்தின் ஓரங்களில் பழுப்பாகக் கசிந்திருந்தது. புற ஊதா விளக்கைக் காட்டியபோது தாள் முழுவதும் நீலமாக ஒளிர்ந்தது. துணிக்கந்தலில் செய்த அக்காலத் தாள் அப்படி ஒளிராது. சலவைத்தூளில் இருக்கும் வெண்மையூட்டி ஏறினால்தான் ஒளிரும்.

விற்பவரிடம் கேட்டேன். "எல்லாரும் செய்வதுதான், நோட்டு அழகாகத்தானே இருக்கிறது" என்று பதில் வந்தது. திருப்பி அனுப்ப இன்னும் பத்து நாள் இருக்கிறது. இப்படிப்பட்ட நோட்டை வைத்துக்கொள்ளலாமா? விலை குறைத்துக் கேட்பது சரியா, அல்லது ஒதுக்கிவிடுவதே சரியா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

பொன்னிக்கரை (மயிலாடுதுறை):

திருப்பி அனுப்பிவிடுங்கள், தம்பி. காரணத்தைச் சற்று விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் ஸ்வீடன் நோட்டைப் பொறுத்தவரை இது அழகைப் பற்றிய கேள்வி அல்ல.

நான் இந்தப் பக்கம் வந்த வழி தரங்கம்பாடிக் காசுகள். டேனியர்கள் 1620 முதல் 1845 வரை இங்கே இருந்தார்கள் என்பதால், எங்கள் பகுதியில் காசு சேர்ப்பவர்களுக்கு டென்மார்க் ஒன்றும் தூரத்து நாடு அல்ல. அந்தக் காசுகளிலிருந்து டேனிஷ் நோட்டுக்கும், அதிலிருந்து ஸ்வீடன் நோட்டுக்கும் போனபோதுதான், காசையும் தாளையும் ஒரே கண்ணால் பார்க்கக் கூடாது என்பது எனக்கு விளங்கியது. காசின் நம்பகம் உலோகத்தில் இருக்கிறது. தாளின் நம்பகம் முழுவதும் அதன் மேல் மனிதர்கள் செய்து வைத்த அடையாளங்களில் இருக்கிறது. அவற்றை அழித்தபின் எஞ்சுவது கந்தல் கூழ்தான்.

ஐரோப்பாவின் முதல் வங்கி நோட்டு ஸ்டாக்ஹோமில் 1661-இல் வெளிவந்தது. ரீகாவில் பிறந்த யோஹான் பால்ம்ஸ்ட்ருக் என்பவர், 1656-இல் அரசரிடம் உரிமை பெற்று ஸ்டாக்ஹோம்ஸ் பாங்கோ என்ற வங்கியைத் தொடங்கினார். ஸ்வீடனில் அப்போது வெள்ளி குறைவு, செம்பு மிகுதி. செம்பை நாணயமாக்கினால், வெள்ளிக்கு ஈடான மதிப்பு வர அது பெரிதாக இருக்க வேண்டும். எனவே அவர்கள் தகட்டுப் பணம் அடித்தார்கள். கிறிஸ்டினா அரசியின் காலத்தில், 1644-இல் அடித்த 10 டாலெர் தகடு ஒன்றின் எடை 19.7 கிலோ. ஒரு கொடுக்கல் வாங்கலுக்கு வண்டி கட்ட வேண்டிய நிலை! 1660-இல் புதிய தகடுகளின் எடையை அரசு குறைத்ததும், வங்கியில் பழைய கனத்த தகடுகளைப் போட்டு வைத்திருந்தவர்கள் எல்லாரும் அவற்றைத் திரும்பக் கேட்டு வந்து நின்றார்கள். வங்கியோ அந்தப் பணத்தை நீண்ட காலக் கடனாகக் கொடுத்துவிட்டிருந்தது. அந்த நெருக்கடியில்தான் பால்ம்ஸ்ட்ருக் முழுத்தொகை எழுதிய, வட்டி இல்லாத, கொண்டுவருபவர் யாராயினும் பணம் பெறத்தக்க சீட்டுகளை வெளியிட்டார். அதற்கு முன்பும் வணிகர்களிடம் பணம் கொடுக்கச் சொல்லி எழுதும் உண்டியல் சீட்டுகளும் வைப்புச் சீட்டுகளும் இருந்தன. ஆனால் பெயர் குறிக்காமல், வட்டி சேராமல், கைக்குக் கை போகும் சீட்டு என்பது அங்கே அதுவே முதல்.

இருப்புக்கு மீறி அச்சிட்டதால் 1664-இல் வங்கி கொடுக்க முடியாமல் நின்றது. 1666-இல் இன்னொரு வெளியீடு வந்தது. இன்று பால்ம்ஸ்ட்ருக் நோட்டு என்று ஏலத்துக்கு வருபவை பெரும்பாலும் அந்த 1666 வெளியீடுதான். அதன் தாளைச் சற்றுக் கவனியுங்கள்: கையால் செய்த தாள், அதன் உடலுக்குள் 'பாங்கோ' என்ற நீர்க்குறி, மேலே முத்திரைகள், கீழே பால்ம்ஸ்ட்ருக்கையும் சேர்த்து எட்டுப் பேரின் கையொப்பங்கள். எட்டுப் பேர் ஒவ்வொரு நோட்டாக எடுத்து மையால் ஒப்பமிட்டார்கள் என்றால், அந்த நாட்டில் தாளை நம்பவைக்க எவ்வளவு பாடுபட்டார்கள் என்று நினைத்துப் பாருங்கள். 1668-இல் பால்ம்ஸ்ட்ருக்குக்கு மரண தண்டனை விதித்து, பின்னர் சிறையாகக் குறைத்தார்கள். 1670-இல் விடுதலையாகி மறு ஆண்டே இறந்தார். அந்த வங்கியின் இடிபாட்டின் மேல்தான் 1668-இல் நாடாளுமன்றத்தின் பொறுப்பில் ஒரு வங்கி எழுந்தது. இன்றைய ரிக்ஸ்பாங்க் அதுவே. இன்றும் இயங்கும் மத்திய வங்கிகளில் உலகிலேயே மூத்தது அதுதான்.

சூடு கண்ட பூனையாக, புதிய வங்கிக்கு நோட்டு வெளியிடும் உரிமையை முதலில் அவர்கள் கொடுக்கவே இல்லை. 1701-இல்தான் மாற்றுச் சீட்டு என்ற வடிவில் அனுமதித்தார்கள். அதில் பெறுபவரின் பெயர் இருக்கும். கை மாறும்போது பின்புறம் எழுதிக் கொடுக்க வேண்டும். அப்படிப்பட்ட ஒரு சீட்டைத் திருப்பிப் பார்த்தால் அது யார் யார் கையில் இருந்தது என்ற வரிசையே தெரியும். இதைக் கழுவினால் முதலில் போவது அந்தப் பின்புற எழுத்துதான்.

1755-இல் ரிக்ஸ்பாங்க், ஸ்டாக்ஹோமுக்குத் தெற்கே தும்பா என்ற இடத்தில் சொந்தமாகக் காகித ஆலை அமைத்து, நெதர்லாந்திலிருந்து முல்டர் என்ற குடும்பப் பெயருடைய இரு சகோதரர்களைத் தொழில் நடத்த வரவழைத்தது. கள்ள நோட்டுக்காரனால் செய்ய முடியாத தாள் வேண்டும் என்பதே நோக்கம். அக்கால நோட்டுகளில் கள்ள நோட்டு அடிப்பவனுக்குத் தூக்கு, காட்டிக்கொடுப்பவனுக்கு வெகுமதி என்று அச்சிட்டே வைத்திருந்தார்கள். பின்லாந்து 1809 வரை ஸ்வீடனின் பகுதியாக இருந்ததால், 18-ஆம் நூற்றாண்டு நோட்டுகளில் பின்னிய மொழியும் இடம்பெற்றது. உங்கள் 12 ஸ்கில்லிங்கில் தட்டையாகிப்போன அந்தப் புடைப்பு முத்திரை, எழுதப் படிக்கத் தெரியாத குடியானவனும் இருட்டில் விரலால் தடவி, இது வங்கியின் தாள்தான் என்று அறியத்தக்க அடையாளம். அதை இஸ்திரிப் பெட்டிக்கோ அச்சழுத்திக்கோ கீழே வைத்து நசுக்கியவர், நோட்டின் நாக்கை அறுத்துவிட்டார் என்றே நான் சொல்வேன்.

வடதிசை (த்ரோண்ட்ஹைம், நார்வே):

பொன்னிக்கரை ஐயா சொன்னதை முழுமையாக ஏற்கிறேன். யாழ்ப்பாணத்தில் பிறந்து இங்கு முப்பது ஆண்டுகளாக வாழ்பவன் என்ற முறையில், நார்வே பக்கத்திலிருந்து சிலவற்றைச் சேர்க்க விரும்புகிறேன்.

நார்வேயில் தாள் பணம் தொடங்கியதும் ஒரு தோல்வியோடுதான். பேர்கன் நகரத்துப் பெருவணிகர் யோர்கன் தோர் மோலன், 1695-இல் அரசரின் இசைவோடு 10, 20, 25, 50, 100 ரிக்ஸ்டாலெர் (அக்கால டேனிஷ்-நார்வேப் பணம்) மதிப்புகளில் சீட்டு வெளியிட்டார். மக்கள் அவற்றை வாங்கிய வேகத்தைவிட, காசாக்கிக் கேட்டு வந்த வேகம் அதிகமாக இருந்தது. ஸ்டாக்ஹோமில் நடந்தது இங்கும் நடந்தது. அவற்றில் ஒன்றைக் கண்ணாடிப் பேழைக்குப் பின்னால் பார்ப்பதோடு நாம் நிறைவடைய வேண்டும். நம் போன்றவர்களின் கைக்கு எட்டும் பொருள் அது அல்ல.

எட்டுவது எது என்றால், நார்வேயின் மத்திய வங்கியான நோர்கஸ் பாங்கின் நோட்டுகள். 1814-இல் டென்மார்க்கிடமிருந்து பிரிந்த நார்வேயிடம் மதிப்பிழந்த தாள்கள்தான் மிஞ்சியிருந்தன. அவ்வாண்டு கிறிஸ்டியன் ஃப்ரெடெரிக் இளவரசர் வெளியிட்ட நோட்டுகளை இங்கே இன்றும் 'இளவரசர் நோட்டு' என்றே சொல்கிறார்கள். 1816 ஜூன் 14 அன்று நோர்கஸ் பாங்க் சட்டம் நிறைவேறியபோது, வங்கியின் மூலதனத்துக்காக வெள்ளியைத் திரட்ட வேண்டியிருந்தது. மக்கள் தாமாக முன்வந்து கொடுக்காததால் அதை வரியாக விதித்தார்கள். வீடுகளில் இருந்த வெள்ளிக் கரண்டியும் கிண்ணமும்கூட அந்த வரிக்குப் போயின. தலைமையகம் தலைநகரில் அமையாமல் எங்கள் த்ரோண்ட்ஹைமில் அமைந்து, 1897 வரை இங்கேயே இருந்தது. அதன் நோட்டுகளின் பணமான ஸ்பெசிடாலெர் ஒன்று என்பது 120 ஸ்கில்லிங். தாளுக்கு முழு வெள்ளி மதிப்பு கிடைக்க 1842 வரை மக்கள் காத்திருந்தார்கள்.

எனக்கு ஒரு சிறு மாறுபாடு மட்டும் உண்டு. 1817 முதல் வந்த ஸ்பெசிடாலெர் நோட்டுகளில் நல்ல நிலையில் கிடைப்பவை மிகக் குறைவு. கிடைத்தாலும் விலை வாங்க முடியாத உயரத்தில் இருக்கும். அழுத்திய நோட்டை ஒதுக்கிக்கொண்டே போனால், நம்மால் ஒன்றையும் வாங்க முடியாமல் போகும் அல்லவா? விற்பவர் மறைக்காமல் சொல்லி, விலையையும் அதற்கேற்பக் குறைத்தால் நான் வாங்குவேன்.

நூற்பேணி (சென்னை):

நான் நோட்டு சேர்ப்பவள் அல்லள். பழைய தாள்களைப் பேணும் தொழிலில் இருப்பதால் ஒரு விளக்கம் தர விரும்புகிறேன். தாளைக் கழுவுவது என்றாலே குற்றம் என்ற முடிவுக்கு இழை போய்விட்டதோ என்று தோன்றுகிறது. அமிலம் ஏறி நொறுங்கும் தாளை முறையாக நீரில் நனைத்துக் காப்பாற்றுவது எங்கள் அன்றாட வேலைதான். ஆனால் நாங்கள் அதைத் தொடங்கும் முன் மை கரையுமா என்று ஒவ்வோர் எழுத்தின் ஓரத்திலும் சோதிக்கிறோம், படம் எடுத்து வைக்கிறோம், என்ன செய்தோம் என்று எழுதி வைக்கிறோம், புடைப்பு முத்திரை இருந்தால் அந்த இடத்தில் எடை வைப்பதே இல்லை. அதிலும் முக்கியமாக, தாளைப் புதிதாகக் காட்டுவது எங்கள் நோக்கமே அல்ல.

தாள்நேசன் விவரித்த கையொப்பத்தைப் பற்றிச் சொல்கிறேன். 19-ஆம் நூற்றாண்டின் முற்பகுதி என்றால், அது பெரும்பாலும் மாசிக்காயும் இரும்பு உப்பும் சேர்த்துக் காய்ச்சிய மையாக இருக்கும். அந்த மைக்குத் தண்ணீர் பகை. கரையக்கூடிய இரும்பு நீரில் நகர்ந்து எழுத்தைச் சுற்றிப் பழுப்பு வளையம் போடும். வெளுப்பான் பட்டால் கருமை போய் மஞ்சளாகும். அவர் கண்டது அதுவே. ஆகவே இந்த நோட்டைச் செம்மை செய்தவர் பேணுநர் அல்லர், வெளுப்பவர். இந்த வேறுபாட்டை நீங்கள் எல்லாரும் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும் என்பது என் வேண்டுகோள். கிழிசலை மெல்லிய ஜப்பானியத் தாளும் மாவுப் பசையும் கொண்டு ஒட்டியிருந்தால் அஞ்ச வேண்டாம், அதைப் பிரித்தெடுக்கலாம். பிளாஸ்டிக் ஒட்டுநாடா ஒட்டியிருந்தால்தான் அஞ்ச வேண்டும்.

பொன்னிக்கரை:

அம்மா சொன்ன வேறுபாடு சரியானது, ஏற்கிறேன். என் சொல்லைத் திருத்திக்கொள்கிறேன்: எழுதி வைத்துச் செய்த பேணுகையை மதிக்கிறேன், மறைத்துச் செய்த வெளுப்பை மறுக்கிறேன்.

வடதிசை அவர்களுக்கு ஒரு பதில். வாங்க முடியாமல் போகும் என்ற கவலைக்கு, மடிந்து கசங்கிய நோட்டை மகிழ்ச்சியோடு வாங்குவதுதான் வழி. ஸ்காண்டினேவியத் தரக் குறியீட்டில் 0 என்றால் புழங்காதது, 01, 1+, 1 என்று இறங்கும். அங்குள்ள பழைய சேகரிப்பாளர்கள் 18-ஆம் நூற்றாண்டு நோட்டு 1-இல் கிடைத்தாலே போதும் என்று வாங்குகிறார்கள். நம்மவர்கள்தான் 1950-ஆம் ஆண்டு நோட்டுக்கு வைத்த அளவுகோலை 1830-க்கும் வைத்து, வெளுப்பவர்களுக்குச் சந்தையை உண்டாக்கிக் கொடுக்கிறோம். நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்திருந்த ஒருவரின் மடிப்பு அந்த நோட்டின் குறை அல்ல. அந்த நோட்டு பணமாக வாழ்ந்ததற்குச் சான்று அந்த மடிப்புதான்.

தாள்நேசன்:

மிக்க நன்றி. நோட்டைத் திருப்பி அனுப்ப முடிவு செய்துவிட்டேன். இதோடு தொடர்புடைய இன்னொரு ஐயம். ஸ்வீடன் பட்டியல்களைப் புரட்டும்போது 6⅔ ரிக்ஸ்டாலெர் பாங்கோ, 16⅔, 33⅓ என்றெல்லாம் மதிப்புகள் வருகின்றன. ஒரு வங்கி ஏன் பின்னத்தில் நோட்டு அடிக்க வேண்டும்? 32 ஸ்கில்லிங் என்ற மதிப்பும் அப்படியே புரியவில்லை.

பொன்னிக்கரை:

இந்தக் கேள்விக்காகவே இந்த இழையை வாழ்த்துகிறேன், ஏனென்றால் இதன் விடை தெரிந்தபோது எனக்கு இரண்டு நாள் தூக்கம் வரவில்லை.

மூன்றாம் குஸ்தாவ் அரசர் 1788-இல் ருஷ்யாவோடு போர் தொடுத்தார். செலவுக்குப் பணம் இல்லை. 1789-இல் அமைத்த தேசியக் கடன் அலுவலகம், ரிக்ஸ்பாங்கின் நோட்டுக்குப் பக்கத்திலேயே தனியாக ஒரு நோட்டை வெளியிட்டது. அளவில்லாமல் வெளியிட்டதால் அதன் மதிப்பு சரிந்தது. ஆக ஒரே நாட்டில் வங்கி ரிக்ஸ்டாலெர், கடன் அலுவலக ரிக்ஸ்டாலெர் என்று இரண்டு தாள் பணம் ஓடின. 1803-இல் ஒன்றுக்கு ஒன்றரை என்று விகிதத்தைக் கட்டினார்கள். அதாவது வங்கி நோட்டு 1 என்றால் கடன் அலுவலக நோட்டு 1½. கடைவீதியில் மக்கள் கணக்குப் பார்த்தது மலிவான கடன் அலுவலகப் பணத்தில்தான். வங்கியோ தன் நோட்டைத் தன் கணக்கில்தான் எழுதும்.

இப்போது பெருக்கிப் பாருங்கள். 6⅔-ஐ ஒன்றரையால் பெருக்கினால் 10. 16⅔-ஐப் பெருக்கினால் 25. 33⅓-ஐப் பெருக்கினால் 50. ஒரு ரிக்ஸ்டாலெருக்கு 48 ஸ்கில்லிங் என்பதால் 32 ஸ்கில்லிங் என்பது மூன்றில் இரண்டு பங்கு. அதை ஒன்றரையால் பெருக்கினால் சரியாக 1. கடைக்காரன் கையில் அது முழு ஒரு ரிக்ஸ்டாலெர், வங்கியின் ஏட்டில் 32 ஸ்கில்லிங்! உங்கள் 12 ஸ்கில்லிங் பாங்கோவும் தெருவில் 18 ஸ்கில்லிங்காக நடந்திருக்கும். 1834-இல் வெள்ளிக்குத் திரும்பியபோது, ஒரு வெள்ளி ரிக்ஸ்டாலெருக்கு 2⅔ ரிக்ஸ்டாலெர் பாங்கோ என்று வைத்தார்கள். அதையும் ஒன்றரையால் பெருக்குங்கள், 4 வரும். 1855-இல் பதின்மக் கணக்குக்கு மாறியபோது அந்த நாலில் ஒன்றே புதிய ரிக்ஸ்டாலெர் ஆனது. 1873-இல் அதுவே பெயர் மாறிக் குரோனா ஆனது. ஆகவே ஸ்வீடனின் இன்றைய குரோனாவுக்கு மூதாதை, கௌரவமான வங்கி நோட்டு அல்ல, போர்ச் செலவுக்காக அடித்து மதிப்பிழந்த அந்தக் கடன் அலுவலக நோட்டுதான்.

கடற்காகம் (ஹேர்னிங், டென்மார்க்):

டென்மார்க்கை யாரும் தொடவில்லை என்பதால் நான் வருகிறேன். டேனிஷ் நோட்டு 1713-இல் நான்காம் ஃப்ரெடெரிக் அரசர் காலத்தில், வடபுலப் பெரும்போரின் செலவுக்காகத் தொடங்கியது. 1736-இல் கோப்பன்ஹேகனில் குரான்ட் வங்கி வந்தது. ஐஸ்லாந்து அப்போது டென்மார்க்குக்கு உட்பட்டிருந்ததால், அங்கே அனுப்பிய நோட்டுகளின் பின்புறம் 1778-இல் ஐஸ்லாந்து மொழியில் அச்சிட்டார்கள். நெப்போலியன் காலப் போர்களில் நோட்டு வெள்ளமாகப் பெருகி, 1813 ஜனவரி 5 அன்று அரசு நொடித்துப்போனதாக அறிவித்தது. பழைய 6 ரிக்ஸ்டாலெர் கொடுத்தால் புதிய 1 ரிக்ஸ்பாங்டாலெர் கிடைத்தது. புதிய வங்கிக்கு ஈடாக நாட்டின் அசையாச் சொத்துகள் அனைத்தின் மேலும் 6 விழுக்காடு முதல் உரிமைக் கடன் சுமத்தினார்கள். 1818-இல் அதை அரசின் கையிலிருந்து விடுவித்து, தனி உரிமை பெற்ற தேசிய வங்கியாக்கினார்கள்.

ஆனால் எனக்கு உயிரானவை 1910-க்குப் பிந்தியவை. அவற்றை வரைந்தவர் கெர்ஹார்ட் ஹைல்மன். பறவைகள் எவற்றிலிருந்து தோன்றின என்ற ஆராய்ச்சியால் உலகப் பெயர் பெற்ற அதே மனிதர்தான். 500 குரோனர் நோட்டில் ஏர் உழும் உழவன் ஒருவன் இருந்ததால், இன்றும் இங்கே கடைகளில் 500 குரோனரை 'உழவன்' என்றே சொல்கிறார்கள். படம் மாறி எத்தனையோ ஆண்டுகள் ஆகியும் பெயர் மாறவில்லை. இந்த வரிசையில் பெரிய மதிப்பு நோட்டுகள் அரிதாக இருப்பதற்கு ஒரு காரணம் உண்டு. ஜெர்மானிய ஆக்கிரமிப்பு முடிந்ததும், போர்க்காலத்தில் குவித்த கறுப்புப் பணத்தைப் பிடிக்க, 1945 ஜூலை 23 அன்று எல்லா நோட்டுகளையும் ஒரே அடியாக மாற்றினார்கள். நார்வேயும் அதே ஆண்டு செப்டம்பரில் இதையே செய்தது. கையில் வைத்திருந்தால் வெறும் தாளாகிவிடும் என்ற நிலையில் 500-ஐ யார் மாற்றாமல் விட்டிருப்பார்கள்? தப்பியவை 5, 10 போன்ற சிறு நோட்டுகளே.

டேனிஷ் நோட்டு சேர்ப்பவர்கள் டென்மார்க்கின் ஓரத்து ஆட்சிப்பகுதிகளையும் பாருங்கள் என்று சொல்வேன். 1911-ஆம் ஆண்டின் கிரீன்லாந்து நோட்டுகளில் 25 ஓரேயில் (100 ஓரே ஒரு குரோன்) ஈடர் வாத்து, 5 குரோனரில் பனிக்கரடி. 1940-இல் டென்மார்க் ஜெர்மானியர் கையிலும் ஃபரோ தீவுகள் பிரிட்டன் கையிலும் ஆனபோது, தீவில் இருந்த டேனிஷ் நோட்டுகள் மேல் 'ஃபரோவில் மட்டும் செல்லும்' என்று முத்திரை குத்தினார்கள். டேனிஷ் மேற்கிந்தியத் தீவுகளுக்கு 1905-இல் பிராங்க் கணக்கில் நோட்டு வந்தது. 1917-இல் தீவுகளை அமெரிக்காவுக்கு விற்ற பின்னும், டேனிஷ் அரசரின் உருவம் தாங்கிய அந்த நோட்டுகள் 1934 வரை அங்கே செல்லுபடியாக இருந்தன.

இன்னொரு செய்தி: பழைய டேனிஷ் நோட்டை எப்போதும் வங்கியில் மாற்றிக்கொள்ளலாம் என்ற பழைய அறிவுரையை இனி நம்ப வேண்டாம். 2009 வரிசைக்கு முந்திய நோட்டுகளும் 1000 குரோனர் நோட்டும் 2025 மே 31-உடன் செல்லாதவை ஆகிவிட்டன.

மாணவன்_இரா (மதுரை):

நான் இப்போதுதான் தொடங்குகிறேன். இதுவரை பேசிய எல்லாம் என் கைக்கு மீறியவை. கல்லூரி மாணவன் வாங்கத்தக்க தொடக்கம் ஏதாவது உண்டா?

வடதிசை:

உண்டு, தம்பி. முதல் உலகப் போரில் வெள்ளி விலை ஏறியதும், மூன்று நாடுகளிலும் மக்கள் வெள்ளிச் சில்லறையைப் பதுக்கிவிட்டார்கள். அதை ஈடுகட்ட மூன்று நாடுகளும் ஒரு குரோன் மதிப்பில் சிறு நோட்டு அடித்தன. ஸ்வீடனிலும் டென்மார்க்கிலும் 1914 முதல் 1921 வரை, நார்வேயில் 1917 முதல். மூன்றும் உள்ளங்கைக்குள் அடங்கும் அளவு, எளிய அச்சு, ஏராளமாகத் தப்பியவை. மூன்றையும் ஒரே உறையில் வைத்துப் பாருங்கள். 1873-இல் ஸ்வீடனும் டென்மார்க்கும் சேர்ந்து, 1875-இல் நார்வே இணைந்த பணக் கூட்டணியின் முடிவுரை அது. ஒரு கிலோ தங்கத்துக்கு 2480 குரோனர் என்று மூன்று நாடுகளும் ஒரே அளவில் நின்றன. அதற்குள் நுழைய ஸ்வீடன் தன் 1 ரிக்ஸ்டாலெரை 1 குரோனாவாகவும், டென்மார்க் தன்னுடையதை 2 ஆகவும், நார்வே தன் ஸ்பெசிடாலெரை 4 ஆகவும் மாற்றிக்கொண்டன. 1914-இல் தங்கத்துக்கு மாற்றுவதை நிறுத்தியதும் அந்தக் கூட்டணி உள்ளீடற்றுப்போனது. மூன்று நாட்டுச் சிறு தாள்களும் அந்த ஆண்டுகளுக்குச் சாட்சி.

அதற்கு அடுத்து, ஸ்வீடனின் 5 குரோனர். 1890 முதல் 1952 வரை குஸ்தாவ் வாசா அரசரின் உருவத்தோடு வந்தது, ஒவ்வொன்றிலும் ஆண்டு அச்சிட்டிருக்கும். ஆண்டுக்கு ஒன்று என்று சேர்க்கலாம். 1940-களின் ஆண்டுகள் எளிதில் கிடைக்கும், பின்னோக்கிப் போகப்போகத் தேடல் கடினமாகும். 1950-களுக்குப் பிந்திய ஸ்வீடன் நோட்டுகளில் எண்ணுக்குப் பின்னால் ஒரு விண்மீன் குறி இருந்தால் கவனியுங்கள், அச்சில் பழுதான நோட்டுக்கு மாற்றாக வைத்தது அது. 1968-இல் ரிக்ஸ்பாங்கின் 300 ஆண்டு நிறைவுக்கு வந்த 10 குரோனர் நோட்டும் மாணவர் கைக்கு எட்டும்.

ஸ்பிட்ஸ்பெர்கன் நிலக்கரி நிறுவனம் தன் சுரங்கத் தொழிலாளருக்காக லோங்யேர்பியனில் வெளியிட்ட நோட்டுகளை மட்டும் பின்னால் வைத்துக்கொள்ளுங்கள். ஆர்க்டிக் பனியில் புழங்கிய பணம் என்ற கவர்ச்சியால் விலை ஏறிவிட்டது.

நூற்பேணி:

மாணவருக்கு ஒன்று. மதுரையின் வெயிலும் மழைக்கால ஈரமும் கந்தல் தாளுக்கு ஸ்வீடனின் குளிரைவிடக் கடினமானவை. பிவிசி உறையை வாங்காதீர்கள், அது நாளடைவில் பிசுபிசுத்துத் தாளில் ஒட்டும். பாலியெஸ்டர் உறை சற்று விலை அதிகமானாலும் அதையே வாங்குங்கள். லேமினேஷன் கூடவே கூடாது. இரும்பு பீரோவின் மேல் தட்டு வேண்டாம், நடுத் தட்டில் சிலிக்கா ஜெல் பையோடு வையுங்கள். ஆண்டுக்கு இருமுறை திறந்து வெள்ளிப்பூச்சி இருக்கிறதா என்று பாருங்கள்.

தாள்நேசன்:

இழையைத் தொடங்கியவன் என்ற முறையில் நடந்ததைத் தெரிவிக்கிறேன். பணம் திரும்ப வந்துவிட்டது. அஞ்சல் செலவு என்னுடையது, அதைப் பாடக் கட்டணமாக வைத்துக்கொள்கிறேன்.

அந்தப் பணத்தில் பாதிக்கும் குறைவான விலையில், வேறொருவரிடம் அதே 12 ஸ்கில்லிங் பாங்கோ, 1828-ஆம் ஆண்டிட்டது, நேற்று வந்து சேர்ந்தது. நிறம் தேநீர் படிந்த வேட்டி போல. நான்கு மடிப்பு, நடு மடிப்பில் அரை அங்குலக் கிழிசல், பின்புறம் யாரோ அக்காலத்திலேயே கணக்கேட்டுத் தாளின் துண்டு ஒன்றை ஒட்டி அந்தக் கிழிசலைத் தாங்கியிருக்கிறார். அந்தத் துண்டில் பாதி அறுந்த ஓர் எண் தெரிகிறது. புற ஊதா விளக்கில் தாள் மங்கலாகவே இருந்தது. கைவிளக்கைப் படுக்கவைத்துப் பிடித்தேன். முத்திரையின் விளிம்பு நிழலோடு எழுந்து நின்றது. பிறகு விளக்கை அணைத்துவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு விரலால் தடவினேன். வட்டம் முழுதாகத் தட்டுப்பட்டது.